பொனேர் தீவின் காற்று: விண்ட்சர்ஃபிங் விடுமுறைக்கு இன்னும் நம்பலாமா?

பொனேர், கரிபியக் கடலின் தென்பகுதியில், வெனிசுவேலாக் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே அமைந்துள்ள சிறு தீவு. பரப்பளவு ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர். அரூபா, குராசோ ஆகிய தீவுகளுடன் சேர்த்து இது ஏபிசி தீவுகளில் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருந்துவருகிறது. பவளப்பாறைகளில் மூழ்கிப் பார்ப்பவர்களும், பாய் கட்டிய பலகையில் நின்று காற்றின் வேகத்தில் நீர்மேல் சறுக்கும் விண்ட்சர்ஃபிங் விளையாட்டுக்காரர்களும் இத்தீவைத் தேடி வருகிறார்கள்.

இரண்டாம் வகையினர் வருவது முழுக்க முழுக்கக் காற்றுக்காகவே. ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து, பெருஞ்செலவில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வருபவருக்குக் காற்று வீசாத நாள் வீண்நாள். அண்மை ஆண்டுகளில் சிலருக்கு அப்படிப்பட்ட நாட்கள் தொடர்ச்சியாக வாய்த்ததால், "பொனேரில் காற்று முன்போல் இல்லை" என்ற பேச்சு விண்ட்சர்ஃபிங் வட்டாரங்களில் அடிக்கடி எழுகிறது. இந்தப் பேச்சில் உண்மையும் இருக்கிறது, கண்மயக்கமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காற்றின் பிறப்பிடம்

பொனேர் வடக்கு அட்சரேகை 12 பாகையை ஒட்டி உள்ளது. இது வியாபாரக் காற்று வீசும் பகுதி. (ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் 'ட்ரேட்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் தடம், பாதை என்பதே, வணிகம் என்ற பொருள் பின்னர் வந்தது. 'தடக்காற்று' என்று எழுதும் தமிழ் நூல்களே மூலப் பொருளுக்கு நெருக்கமானவை.) வட அட்லாண்டிக்கில் அசோர்சுத் தீவுகளுக்கும் பெர்முடாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் நிரந்தரமாக ஓர் உயரழுத்த மண்டலம் நிற்கிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியிலும் தென் அமெரிக்க நிலப்பரப்பிலும் அழுத்தம் குறைவு. இந்த அழுத்த வேறுபாட்டால் காற்று தெற்கு நோக்கி இழுக்கப்படுகிறது. புவியின் சுழற்சி அதை மேற்கே திருப்புகிறது. எனவே ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ காற்று வீசுகிறது. கீழைக்காற்றைத் தமிழில் கொண்டல் என்பார்கள். ஆனால் நம் கொண்டல் மழையைக் கொண்டுவருவது. பொனேரின் கொண்டல் பெரும்பாலும் வறண்டது. தீவு தட்டையாகவும் தாழ்வாகவும் இருப்பதால் மேகத்தைத் தடுத்து மழையாக்கும் மலைத்தொடர் எதுவும் இல்லை. கள்ளிக்காடே அங்கு இயற்கைத் தாவரம்.

தென் கரிபியக் கடலில் இந்தக் காற்று மேலும் முடுக்கம் பெறுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வேகமான காற்றோடை ஒன்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. வானிலையியலாளர் இதைக் கரிபியத் தாழ்மட்டக் காற்றோடை என்கிறார்கள். இதற்கு ஆண்டில் இரண்டு உச்சங்கள்: சூலை மாதத்தை ஒட்டி ஒன்று, பிப்ரவரியை ஒட்டி மற்றொன்று. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இது தளர்கிறது. ஏபிசி தீவுகள் இந்த ஓடையின் பாதையில் கிடக்கின்றன. அரூபாவில் திவிதிவி மரங்கள் எல்லாம் தென்மேற்காக வளைந்து வளர்ந்திருப்பது இதற்குச் சாட்சி. காற்றுமானிகள் பொய்த்தாலும் மரங்கள் பொய்ப்பதில்லை. பத்தாண்டுக் கணக்கில் ஒரே திசையிலிருந்து வீசாமல் ஒரு மரம் அப்படி வளையாது.

இதே காற்றைத்தான் தீவின் பொருளாதாரம் வேறு வழிகளிலும் அறுவடை செய்கிறது. தென்முனையின் உப்பளங்களில் வெயிலோடு சேர்ந்து உப்பை விளைவிப்பது இக்காற்று. 19ஆம் நூற்றாண்டில் அங்கு உப்பெடுத்த அடிமைகளுக்காகக் கட்டப்பட்ட, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கல்குடிசைகள் இன்றும் கடற்கரையில் நிற்கின்றன. 2004இல் தீவின் டீசல் மின்நிலையம் தீக்கிரையான பிறகு, வடகிழக்குக் கரையில் மொரோதின் என்ற இடத்தில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஆக, காற்று குறைந்துவிட்டதா என்ற கேள்வி விடுமுறைக்கு வருபவருக்கு மட்டும் உரியதன்று.

லாக் குடா

விண்ட்சர்ஃபிங் நடப்பது தீவின் தென்கிழக்கில் உள்ள லாக் குடாவில். குடா என்று அழைக்கப்பட்டாலும் அது உண்மையில் சுமார் 7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காயல். வாயில் பவளத்திட்டு ஒன்று அரணாக நிற்பதால் பெருங்கடல் அலை வெளியிலேயே உடைந்துவிடுகிறது. காற்று மட்டும் தடையின்றி உள்ளே வருகிறது. சொரோபோன் கரையை ஒட்டிய பகுதியில் நீர் இடுப்பளவே. விழுந்தால் எழுந்து நிற்கலாம். காற்று கடலிலிருந்து கரைப்பக்கம் தள்ளுவதால், பாய் உடைந்தாலும் கை சோர்ந்தாலும் ஒருவர் திறந்த கடலுக்கு அடித்துச் செல்லப்படுவதில்லை.

இதை அரூபாவின் புகழ்பெற்ற மீனவர் குடிசைக் கடற்கரையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அது தீவின் மேற்குப்பக்கம் உள்ளது. காற்று நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுகிறது. நீர் கண்ணாடிபோல் மட்டமாக இருக்கும்; ஆனால் தவறினால் அடுத்த கரை வெகுதொலைவு. கற்றுக்கொள்பவர்களுக்குப் பொனேரே ஏற்றது என்று சொல்லப்படுவதற்கு இதுதான் காரணம், காற்றின் வேகம் அன்று.

இப்படியொரு இடத்தில் வளரும் பிள்ளைகளுக்குக் காயலே விளையாட்டுத் திடல். 2013இல் ஃப்ரீஸ்டைல் பிரிவில் உலக வாகையரான கிரி தோடே, அதே பிரிவில் பல்லாண்டுகள் உலகின் முன்னணியில் நின்ற டாட்டி ஃப்ரான்சு, டாங்கி ஃப்ரான்சு சகோதரர்கள் ஆகியோர் இத்தீவினர். தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரத்தைவிடக் குறைந்த மக்கள்தொகை கொண்ட தீவு ஒன்று இத்தனை பேரை உலக மேடைக்கு அனுப்பியதற்கு, பள்ளி விட்டதும் ஓடிப்போய்ப் பலகை ஏற ஆண்டில் பெரும்பாலான நாட்களும் காற்று இருந்ததே அடிப்படை.

எவ்வளவு காற்று போதும்?

விண்ட்சர்ஃபிங் பலகை நீரைக் கிழித்துச் செல்லும் நிலையிலிருந்து நீர்மேல் எழும்பிச் சறுக்கும் நிலைக்கு மாறும்போதுதான் விளையாட்டின் சுவை தொடங்குகிறது. பெரிய பாயுடன் சுமார் 12 நாட் காற்றிலேயே இது வாய்க்கும். சிறிய பாயுடன் வித்தை காட்ட விரும்புபவருக்கு 15 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். பொனேரின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 13 நாட். சூனில் இதைவிடக் கூடுதல், அக்டோபரில் குறைவு. ஆண்டுச் சராசரி இரவையும் சேர்த்த கணக்கு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காலையில் வெயில் ஏறிய பின் நிலத்தின் மேலுள்ள காற்றடுக்குகள் கலந்து, மேலே ஓடும் வேகக் காற்று கீழிறங்குகிறது. நண்பகலை ஒட்டி வேகம் கூடுகிறது.

இங்கே ஒரு கணக்கு முதன்மையானது. பாயின் மேல் காற்று செலுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்று 18 நாட்டிலிருந்து 14 நாட்டுக்கு இறங்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைகிறது. ஆனால் விசை கிட்டத்தட்ட 40 விழுக்காடு குறைந்துவிடுகிறது. 4.7 சதுர மீட்டர் பாயுடன் பறந்துகொண்டிருந்தவர் 7 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பாயைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே வானிலைப் பதிவேட்டில் சின்னஞ்சிறு சரிவாகத் தெரிவது, நீரில் நிற்பவருக்கு 'காற்றே இல்லை' என்று தோன்றும். "காற்று குறைந்துவிட்டது" என்பவர்களும் "பதிவேட்டில் பெரிய மாற்றமில்லை" என்பவர்களும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கக்கூடும்.

வாரக்கணக்கும் ஆண்டுக்கணக்கும்

பயண நிறுவனங்கள் "நூற்றுக்கு இத்தனை நாட்கள் காற்று உறுதி" என்ற வகையில் விளம்பரம் செய்வது வழக்கம். ஒரு கணக்குக்காக 80 விழுக்காடு நாட்கள் நல்ல காற்று என்று கொள்வோம். ஒவ்வொரு நாளும் தாயக்கட்டை உருட்டுவதுபோல் தனித்தனியாக முடிவானால், ஒரு வாரத்தில் இரண்டே நாட்களோ அதற்கும் குறைவாகவோ காற்று கிடைக்கும் வாய்ப்பு இருநூற்றில் ஒன்று. பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் காற்று தாயக்கட்டை அன்று. அசோர்சு உயரழுத்த மண்டலம் ஒருமுறை வலுவிழந்தால் பல நாட்கள், சில வேளை வாரங்கள்கூட அப்படியே கிடக்கும். குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் தாழ்வழுத்தங்கள் அந்த மண்டலத்தைப் பிளந்து தள்ளும்போது, தொலைவிலுள்ள பொனேரிலும் காற்று ஓய்கிறது. எனவே ஓய்வு நாட்கள் ஆண்டு முழுவதும் சீராகத் தூவப்படுவதில்லை. கொத்துக் கொத்தாக வருகின்றன. ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்பவருக்கு 80 விழுக்காடு என்பது 80 விழுக்காடுதான். ஒரே வாரம் வருபவருக்கோ அது ஏழு நாளும் நிறைந்த காற்றாக இருக்கலாம். இரண்டு நாட்களாகவும் இருக்கலாம். விளம்பரம் பொய் சொல்லவில்லை, ஆனால் கேட்டவருக்கு வேண்டிய விடையையும் சொல்லவில்லை. ஒரு மாதத்தின் சராசரியைக் கேட்பதைவிட, "அந்த மாதத்தில் மிக மோசமான வாரம் எப்படி இருந்தது?" என்று கேட்பதே பயனுள்ளது.

ஆண்டுக்கு ஆண்டும் வேறுபாடு உண்டு. இதில் எல் நினோவின் பங்கு விந்தையானது. பசிபிக் பெருங்கடலில் எல் நினோ வளரும் கோடையில் கரிபியக் காற்றோடை வலுக்கிறது. அதைத் தொடர்ந்து வரும் குளிர்காலத்தில் தளர்கிறது. 2015ஆம் ஆண்டுக் கோடை முதலாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காற்று வலுவாக வீச, கரிபியப் பகுதி கடும் வறட்சியில் வாடியது. விண்ட்சர்ஃபிங்காரரின் நல்லாண்டு, உழவரின் கெட்டாண்டாகவும் இருக்கக்கூடும் என்பதை விடுமுறை விளம்பரங்கள் சொல்வதில்லை.

2009-10 குளிர்காலம் இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு. அப்போது எல் நினோ இருந்தது. அத்துடன் வட அட்லாண்டிக் உயரழுத்த மண்டலமும் வழக்கத்துக்கு மாறாக வலுவிழந்திருந்தது. வியாபாரக் காற்று தளர்ந்தது. காற்று தளர்ந்தால் கடல்நீர் ஆவியாவது குறையும். ஆவியாகாத கடல் சூடேறும். சூடேறிய கடலின் மேல் அழுத்தம் குறைந்து காற்று மேலும் தளரும். இந்தச் சுழல் ஒருமுறை பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் விடாது. 2010இல் வெப்பமண்டல வட அட்லாண்டிக் மிகவும் சூடாக இருந்தது. அவ்வாண்டின் முடிவில் டோமாசு புயலின் மழையால் வறண்ட குராசோத் தீவு வெள்ளக்காடானது. 2023லும் அசோர்சு உயரழுத்தம் வலுவிழந்து, அட்லாண்டிக்கின் கிழக்குப் பகுதியில் காற்று தளர்ந்து, வட அட்லாண்டிக்கின் மேற்பரப்பு வெப்பம் அதுவரை காணாத அளவைத் தொட்டது. இத்தகைய ஆண்டில் முதன்முறையாகப் பொனேர் வந்தவர், தீவின் காற்றே செத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

புயல்களைப் பொறுத்தவரை ஏபிசி தீவுகள் அவற்றின் முதன்மைப் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. நேரடித் தாக்கு அரிது. ஆனால் வடக்கே ஒரு புயல் கடக்கும்போது அது வியாபாரக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பொனேரில் காற்று நின்றுவிடும், அல்லது மேற்கிலிருந்து தலைகீழாக வீசும். 1999 நவம்பரில் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்த லென்னி புயலும், 2008 அக்டோபரில் ஓமர் புயலும் எழுப்பிய பேரலைகள், வழக்கமாக அமைதியாக இருக்கும் மேற்குக் கரையின் பவளப்பாறைகளையும் படகுத்துறைகளையும் சிதைத்தன.

நீண்டகாலப் போக்கு

அப்படியானால் பல பத்தாண்டுகளாகக் காற்று குறைந்துகொண்டே வருகிறதா? உலகின் பல நிலப்பகுதி வானிலை நிலையங்களில் 1980களிலிருந்து காற்றின் வேகம் மெல்லக் குறைந்துவந்தது உண்மை. கட்டடங்களும் மரங்களும் பெருகியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2010ஐ ஒட்டி அந்தப் போக்கு திரும்பி, வேகம் மீண்டும் கூடத் தொடங்கியது. கடலின் மேல் செயற்கைக்கோள்கள் எடுத்த அளவீடுகளில் இத்தகைய பொதுவான சரிவு காணப்படவில்லை. எதிர்காலத்தைக் கணிக்கும் காலநிலை மாதிரிகளில் பல, புவி வெப்பமடையும்போது கோடையில் கரிபியக் காற்றோடை வலுக்கும் என்றே காட்டுகின்றன. ஆகவே 'காற்று நிரந்தரமாகப் போய்விட்டது' என்பதற்குச் சான்று இல்லை. மோசமான ஆண்டுகள் உண்டு. அவை முன்பும் இருந்தன.

ஒரு தீவின் விமான நிலையத்தில் உள்ள ஒற்றைக் காற்றுமானியை வைத்து முப்பது ஆண்டுப் போக்கைக் கணிப்பதும் அபாயமானது. அருகில் ஒரு கட்டடம் எழும்பினாலோ கருவியை நூறு மீட்டர் நகர்த்தினாலோ பதிவு மாறிவிடும். பொனேரின் விமான நிலையம் மேற்குப் பக்கம், நிலத்தைக் கடந்து வரும் காற்றில் இருக்கிறது. லாக் குடாவோ கிழக்குப் பக்கம், கடற்காற்றின் நேர்முகத்தில். முதலாவதன் எண்ணை இரண்டாவதற்கு அப்படியே பொருத்தினால் காற்றைக் குறைத்து மதிப்பிட நேரும்.

காற்றைத் தவிர மாறியவை

காற்றைவிடத் தெளிவாக மாறியிருப்பது நீரும் கரையும். 2011 முதல் கரிபியக் கரைகளில் சர்காசம் என்ற மிதக்கும் பழுப்புப் பாசி பெருமளவில் ஒதுங்கத் தொடங்கியது. மேற்கு ஆப்பிரிக்கா முதல் மெக்சிகோ வளைகுடா வரை நீளும் இந்தப் பாசிப்பட்டை 2018இல் 2 கோடி டன்னைத் தாண்டியது. அவ்வாண்டு லாக் குடாவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கரையில் குவிந்த பாசி அழுகியபோது நீரின் உயிர்வளி குறைந்தது. கடற்புற்களும் அலையாத்தி வேர்களுக்கிடையே வளரும் மீன்குஞ்சுகளும் பாதிப்புக்குள்ளாயின. விண்ட்சர்ஃபிங்காரருக்கு இதில் ஒரு முரண் காத்திருக்கிறது. பாசியைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் விரும்பும் அதே கீழைக்காற்று. நல்ல காற்றடிக்கும் நாளில் பலகையின் அடித்துடுப்பில் பாசி சிக்கி, சறுக்கிக்கொண்டிருப்பவரைத் தலைகுப்புற வீழ்த்தும். பின்னோக்கிச் சாய்ந்த வடிவத் துடுப்பைப் பொருத்தினால் பாசி வழுகிப் போகும். ஆனால் குடாவுக்கு அப்படியொரு எளிய தீர்வு இல்லை.

லாக் குடா 1980 முதல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் காக்கப்படும் ஈரநிலம். ஆழமற்ற நீரில் நடப்பவர்களின் காலடியில் கடற்புல் மிதிபடுகிறது. வண்டலும் அலையாத்திக் காடும் முன்னேறி வருவதால் காயலின் உட்பகுதியில் நீரோட்டம் அடைபடுகிறது. அங்குள்ள பழைய கால்வாய்களைத் தூர்வாரித் திறந்துவிடும் பணிகள் நடந்துள்ளன. காற்று இருந்தும் காயல் கெட்டுப்போனால் பொனேருக்கு வர எவருக்கும் காரணம் இருக்காது.

காற்று மட்டுமே போதாது என்பதற்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. வெனிசுவேலாவின் மார்கரீட்டா தீவில் உள்ள எல் யாக்கே கடற்கரை 1990களில் ஐரோப்பிய விண்ட்சர்ஃபிங்காரர்களின் பெரும் புகலிடமாக இருந்தது. பல முறை உலக வாகை சூடிய கொய்யீட்டோ எஸ்ட்ரேடோ அந்தக் கரையில் வளர்ந்தவர். நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது வெளிநாட்டுப் பயணிகளின் வருகை பெரிதும் குறைந்துபோனது. காற்று அப்படியே வீசிக்கொண்டிருந்தது. வருவதற்கு ஆள்தான் இல்லை. காற்றுமறைவுப் பக்கத்தில் விளையாடும் அரூபாவிலோ சிக்கல் வேறு வகை. அங்கே காற்று நிலத்தின் மேலாக வருவதால், கடற்கரையை ஒட்டி எழும்பும் ஒவ்வொரு உயர்ந்த கட்டடமும் தன் உயரத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேலான தூரத்துக்குக் காற்றைக் குலைக்கும். வானம் தரும் காற்றை மனிதர் கல்லாலும் சிமெண்டாலும் மறைக்க இடமுண்டு. லாக் குடாவில் காற்று கடலிலிருந்து நேராக நுழைவதால் இந்தத் தொல்லை இல்லை.

எப்போது செல்வது?

சனவரி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை காற்று பொதுவாக நம்பத்தக்கது. அதிலும் மே, சூன், சூலை மாதங்களே உறுதியானவை. ஆனால் ஐரோப்பியர் பெருங்கூட்டமாக வருவது தங்கள் ஊர்க் குளிருக்குத் தப்பி, திசம்பர் முதல் மார்ச் வரை. காற்று நன்றாகவே இருக்கும் காலம்தான் அது. எனினும் எல் நினோ குளிர்காலத்திலும், வட அட்லாண்டிக் உயரழுத்தம் தளர்ந்த குளிர்காலத்திலும் அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. குறைசொல்லும் குரல்கள் பெரும்பாலும் குளிர்காலப் பயணிகளிடமிருந்து எழக்கூடியதற்கு இது ஒரு காரணம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை செல்பவர் காற்றுக்காகச் செல்லக் கூடாது. அந்த மாதங்களில் கடல் அமைதியாக, தெளிவாக இருப்பதால் மூழ்கிப் பார்ப்பவர்களுக்கு அதுவே நல்ல காலம்.

பயணத் தேதியை முடிவுசெய்யும் முன் பசிபிக்கின் எல் நினோ நிலையையும் வெப்பமண்டல அட்லாண்டிக்கின் மேற்பரப்பு வெப்பத்தையும் பார்ப்பது நல்லது. இரண்டையும் வானிலை மையங்கள் மாதந்தோறும் இலவசமாக வெளியிடுகின்றன. கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் பெரிய பாய்கள் வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் தங்க முடிந்தால், ஓய்வு நாட்களின் கொத்து ஒன்று குறுக்கிட்டாலும் எஞ்சிய நாட்கள் கைகொடுக்கும்.